இரண்டு டேட்டாபேஸிலும் இருக்கும் உறுப்பினர், சேர்க்கும்போது ஏன் காணாமல் போகிறார்?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. விவசாயிகளின் பெயர், ஊர், வங்கிக் கணக்கு எல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் இருக்கின்றன. கொள்முதல் இடங்களில் போடும் எடைச்சீட்டு போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஏறுகிறது. உறுப்பினர் எண்ணை வைத்து இரண்டையும் வரிசைப்படுத்தி மெர்ஜ் ஜாயின் போட்டால் சில விவசாயிகள் விடுபடுகிறார்கள். தனித்தனியே தேடினால் அதே எண் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. ஊர்ப்பெயரை வைத்துச் சேர்த்தால் இன்னும் மோசம். பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. தப்பு எங்கே?

தம்பி, உங்கள் தரவில் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் தப்பு அதற்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது. இரண்டு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) சமமா, எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று முடிவு செய்ய ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒரு விதி வைத்திருக்கிறது. அதைத்தான் கொலேஷன் என்கிறோம். எஸ்க்யூஎல் சர்வருக்கு ஒரு விதி, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு ஒரு விதி, நடுவில் நின்று சேர்க்கும் டூலுக்கு மூன்றாவதாக ஒரு விதி. மூன்றும் ஒத்துப்போனால் அது தற்செயல்தான்.

மெர்ஜ் ஜாயின் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். இரண்டு கணக்கர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பேரேட்டைப் புரட்டிச் சரிபார்ப்பது போன்றது அது. எந்த எண்ணும் ஒரு பேரேட்டில் இரண்டு முறை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே எண் என்றால் சேர்த்து எழுதிவிட்டு இருவரும் அடுத்த வரிக்குப் போவார்கள். இல்லையென்றால் எவர் கையில் சிறிய எண் இருக்கிறதோ அவர் மட்டும் ஒரு வரி நகர்வார். திரும்பிப் பார்ப்பது கிடையாது. ஆகவே இரண்டு பேரேடும் ஒரே விதியில் வரிசையாக இருந்தாக வேண்டும்.

உங்கள் உறுப்பினர் எண்களில் சிலவற்றின் நடுவே சிறுகோடு இருக்கிறது என்று சொன்னீர்கள். 104-7, 1045, 1048 என்று மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். பைட் வரிசை என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணின் வரிசை. அதன்படி சிறுகோட்டின் மதிப்பு 45, இலக்கம் 5-இன் மதிப்பு 53. அதனால் 104-7 முதலில் வரும், பிறகு 1045, பிறகு 1048. எஸ்க்யூஎல் சர்வரில் என்வார்கேர் (யூனிகோட் எழுத்து) ஃபீல்டாக இருந்தால், வழக்கமான கொலேஷன்கள் சிறுகோட்டைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதில்லை. அதற்கு 104-7 என்பது 1047 மாதிரி. எனவே அங்கே வரிசை 1045, 104-7, 1048.

இப்போது பைட் வரிசையை நம்பும் ஒரு டூல் இவற்றைச் சேர்க்கிறது. இடது கையில் எஸ்க்யூஎல் சர்வர் வரிசைப்படி 1045, வலது கையில் பைட் வரிசைப்படி 104-7. வலதுதான் சிறியது, ஜோடி இல்லை என்று அதைத் தள்ளிவிடும். அடுத்து 1045-ம் 1045-ம் சேர்ந்துவிடும். இப்போது இடது கையில் 104-7, வலது கையில் 1048. இடதுதான் சிறியது, ஜோடி இல்லை என்று அதையும் தள்ளிவிடும். பிறகு 1048 ஒழுங்காகச் சேரும். 104-7 என்ற உறுப்பினர் இரண்டு பக்கமும் இருந்தும், ஜோடி சேர்ந்தவற்றை மட்டும் தரும் இன்னர் ஜாயினில் காணாமல் போய்விட்டார். ஜோடி சேராதவற்றையும் தரும் ஃபுல் அவுட்டர் ஜாயின் போட்டிருந்தால் பெயர் மட்டும் உள்ள ஒரு வரியாகவும், எடை மட்டும் உள்ள இன்னொரு வரியாகவும் பிரிந்து வருவார். விடுபட்டவர்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சிறுகோடு உள்ள எண்களும் அவற்றை ஒட்டிய எண்களும் அதிகமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

எஸ்க்யூஎல் சர்வருக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர் எஸ்க்யூஎல் என்று தொடங்கும் பழைய கொலேஷன்களில் வார்கேர் ஃபீல்டு சிறுகோட்டை ஒரு எழுத்தாக மதிக்கும், என்வார்கேர் மதிக்காது. ஃபீல்டின் வகையை யாராவது மாற்றினாலே வரிசை மாறிவிடும். போஸ்ட்கிரெஸ் பக்கமும் நிம்மதி இல்லை. அது வரிசைக்குப் பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தை நம்பியிருக்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மாற்றியது. அதற்கு முன் ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) 11 முதலில், 1-1 அடுத்து. அதற்குப் பின் 1-1 முதலில், 11 அடுத்து. டேட்டாபேஸைத் தொடாமல் சர்வரின் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு, வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸே கெட்டுப்போனது இதனால்தான். 'போன வருஷம் சரியாக வந்தது' என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சர்வரை எப்போது புதுப்பித்தார்கள் என்று விசாரியுங்கள்.

டூலில் 'இந்தத் தரவு ஏற்கெனவே வரிசையாக இருக்கிறது' என்று குறிக்கும் ஒரு அமைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்ஐஎஸ் என்ற டூலில் அது இஸ்சார்ட்டட். அதை ட்ரூ என்று வைத்தால் டூல் எதையும் வரிசைப்படுத்தாது, சரிபார்க்கவும் செய்யாது, நீங்கள் சொன்னதை அப்படியே நம்பும். டேட்டாபேஸிலேயே வரிசைப்படுத்தும் ஆர்டர் பை போட்டுவிட்டோமே என்ற தைரியத்தில் அதைக் குறிக்காதீர்கள்.

சரி, வரிசையை விட்டுவிட்டு சமம் என்பதற்கு வருவோம். இங்கேதான் ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் வேறு வேறு. வால்பகுதியில் இருக்கும் வெற்றிடத்தை எஸ்க்யூஎல் சர்வர் ஒப்பீட்டின்போது கணக்கில் எடுப்பதில்லை, பைனரி கொலேஷன் வைத்தாலும் எடுப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்ஸின் டெக்ஸ்ட் வகை எடுக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7 வரைக்கும் வால் வெற்றிடத்தைப் பொருட்படுத்தாது, 8.0-இன் இயல்பான கொலேஷன் பொருட்படுத்தும். ஆரக்கிளில் வெற்று ஸ்ட்ரிங் என்பதே நல், அதாவது மதிப்பே இல்லாதது. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தப் பக்கத்து விதியையும் நம்பிச் சேர்க்கக்கூடாது என்பது மட்டும் மனதில் நின்றால் போதும்.

வெற்றிடத்தில் இன்னொரு வகை இருக்கிறது. இணையப் பக்கத்திலிருந்தோ எக்செல்லிலிருந்தோ ஒட்டும்போது கூடவே வரும் உடையா வெற்றிடம், யூனிகோட் எண் 160. பார்க்க சாதாரண ஸ்பேஸ் மாதிரியே இருக்கும். டேட்டாபேஸில் முனை வெற்றிடத்தை வெட்டும் டிரிம் போட்டால் 32-ஆம் எண் ஸ்பேஸ் மட்டும்தான் போகும், இது அசையாது. அப்புறம் எக்செல் செய்யும் வேலைகள் தனி. 00417 என்ற எண்ணை 417 ஆக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போகும் வங்கிக் கணக்கு எண்ணில் மிச்ச இலக்கங்களைப் பூஜ்ஜியமாக்கிவிடும். அதை எந்த விதி வைத்தும் மீட்க முடியாது. மூலத்திலிருந்து டெக்ஸ்ட் வகையாகத் திரும்ப எடுப்பது ஒன்றே வழி.

இனி ஊர்ப்பெயர். இரண்டு பக்கமும் தமிழில் இருப்பதால் பிரச்சினை இருக்காது என்று நினைத்ததாகச் சொன்னீர்கள். நம் மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களை ஒரு பார்வை பாருங்கள். பாலக்கோடு, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டை, தொப்பூர், மொரப்பூர். எல்லாவற்றிலும் ஓகாரக் குறியோ ஒகரக் குறியோ இருக்கிறது. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3019 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். அல்லது ஏகாரக் குறி 3015, அதன் பின் கால் 3006 என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பாலக்கோடு என்பதன் நீளத்தைக் கேட்டால் ஒன்று 9 என்று சொல்லும், இன்னொன்று 10 என்று சொல்லும். யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் முன்னது 27 பைட், பின்னது 30 பைட். போஸ்ட்கிரெஸ்ஸின் வழக்கமான கொலேஷனுக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். பர்கூர், அரூர், ஊத்தங்கரை எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து, பாலக்கோடும் போச்சம்பள்ளியும் மட்டும் உதைத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிய தரவிலும், பிடிஎஃப்பிலிருந்து உருவிய தரவிலும் இந்த இரண்டு எண் வடிவம் அடிக்கடி வரும்.

இதற்கு மருந்து இருக்கிறது. யூனிகோட் நார்மலைசேஷன், அதிலும் என்எஃப்சி என்ற வடிவம், பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கிவிடும். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பில் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த மொழியில் அப்படி ஒன்று இல்லாததால் அந்தப் பக்கத் தரவை வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ஓசூர், சூளகிரி பக்கம் ஸ்ரீனிவாசன், ஸ்ரீராமுலு என்று பெயர்கள் நிறைய வரும். அந்த முதல் எழுத்தை 3000 எண்ணுள்ள ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2998 எண்ணுள்ள ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோட் விதிப்படி இவை வேறு வேறு என்பதால் நார்மலைசேஷன் இவற்றைத் தொடாது. லக்ஷ்மியில் க்-க்கும் ஷ-வுக்கும் நடுவே 8204 என்ற, அகலமே இல்லாத ஓர் எழுத்தைச் சில விசைப்பலகைகள் செருகும். அதுவும் அப்படியே நிற்கும். இவற்றுக்கு நீங்களே மாற்று விதி எழுத வேண்டும். இரண்டும் ஆபத்தில்லாத விதிகள்.

ஆபத்தான விதி ஒன்றும் இருக்கிறது. கௌரம்மா என்ற பெயரை ஔகாரக் குறியோடு எழுதாமல், கெ போட்டு அடுத்து ள போட்டு எழுதியவர்கள் ஏராளம். ஔவை என்பதையும் ஒ, ள, வை என்று அடித்திருப்பார்கள். இதைச் சரிசெய்கிறேன் என்று எகரக் குறியையும் ள-வையும் பார்த்த இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் வெள்ளிச்சந்தை என்ற ஊரே உருக்குலைந்து போகும். ள-வின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடவே கூடாது. எதுவும் இல்லாமல் வெறும் ள நிற்கும் இடங்களைத் தனிப் பட்டியலாக எடுத்து ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும்.

அடுத்தது, எந்தக் கணினி விதியும் தீர்க்காதவை. தர்மபுரி, தருமபுரி. ஓசூர், ஒசூர், ஹோசூர். பென்னாகரம், பெண்ணாகரம். அரூர், ஹரூர். இவற்றுக்கு ஒரு மாற்றுப்பெயர் டேபிள்தான் சரி. எழுதப்படும் ஒவ்வொரு வடிவத்துக்கும் எதிரே ஒரே ஊர்க் குறியீடு. அந்தக் குறியீட்டை நீங்களாக உருவாக்காமல், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி டைரக்டரியில் ஊருக்கு ஊர் கொடுத்திருக்கும் எண்ணைப் பயன்படுத்துங்கள். நாளை வேறு தரவோடு சேர்க்க வேண்டி வந்தாலும் உதவும்.

மாவட்டப் பெயரைச் சேர்ப்பதற்கான நிபந்தனையில் வைக்காதீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் பதிந்த ஓசூர், பர்கூர், ஊத்தங்கரை விவசாயிகளின் முகவரியில் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். ஒருவரையே இரண்டு மாவட்டத்துக்காரராக நினைத்து உங்கள் ஜாயின் பிரித்துவிடும். பழைய பத்திரங்களைப் பார்த்து ஏற்றிய தரவு என்றால், 1965-க்கு முந்தையவற்றில் சேலம் மாவட்டம் என்றுகூட இருக்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். ஒப்பிடும் வேலையை இரண்டு டேட்டாபேஸிடமிருந்தும் வாங்கி ஒரே இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கத் தரவையும் ஒரு ஸ்டேஜிங் (இடைத்தங்கல்) டேட்டாபேஸுக்குள் கொண்டு வாருங்கள். மூலத்தில் வந்த மதிப்பு ஒரு எழுத்தும் மாறாமல் ஒரு ஃபீல்டில் இருக்கட்டும். பக்கத்திலேயே மேட்ச் கீ என்று இன்னொரு ஃபீல்டு. ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு பக்கத்துக்கும் அந்தக் கீயை உருவாக்க வேண்டும். முதலில் நார்மலைசேஷன், பிறகு 160, 8204, அதைப்போலவே அகலமில்லாத 8205 ஆகிய எண் எழுத்துகளைக் கவனிப்பது, வெற்றிடங்களை ஒடுக்கி இரு முனையிலும் வெட்டுவது, ஆங்கில எழுத்தானால் சின்ன எழுத்தாக்குவது, கடைசியில் உங்கள் தமிழ் மாற்று விதிகள். உறுப்பினர் எண்ணில் சிறுகோட்டை எடுப்பதா வைப்பதா என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். எடுத்துவிட்டால் 104-7-ம் 1047-ம் ஒன்றாகிவிடும், அவர்கள் இரண்டு வேறு விவசாயிகளாக இருக்கலாம். என்னைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

அந்தக் கீ ஃபீல்டுக்கு பைனரி கொலேஷன் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் அதன் பெயர் 'சி', எஸ்க்யூஎல் சர்வரில் பின்2 என்று முடிபவை. இதற்குப் பிறகு சமம் என்றால் பைட்டுக்குப் பைட் சமம், அவ்வளவுதான். சேர்ப்பது, வரிசைப்படுத்துவது எல்லாம் இந்தக் கீயின் மேல் மட்டும். ஜாயின் நிபந்தனைக்குள்ளேயே ஃபங்ஷன் போட்டு அந்தந்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். சிறு டேபிளுக்குப் பரவாயில்லை. பெரிதானால் இண்டெக்ஸ் பயன்படாமல் போய் இரவெல்லாம் ஓடும். மேலும் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு விதி, இன்னொன்றில் வேறு விதி என்று சிதறிவிடும்.

ஸ்டேஜிங்குக்கு இடமில்லை, மூலத்திலேயே கீ செய்து ஹாஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) போட்டு ஒப்பிடுகிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை. எஸ்க்யூஎல் சர்வரின் என்வார்கேர் எழுத்துகளை யூடிஎஃப்-16-இல் வைத்திருக்கிறது, போஸ்ட்கிரெஸ் பொதுவாக யூடிஎஃப்-8-இல். ஒரே பெயருக்கு இரண்டு பக்கமும் ஹாஷ் எடுத்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. அதேபோல் மெர்ஜ் ஜாயினுக்குப் பதில் எஸ்எஸ்ஐஎஸ்-இன் லுக்அப் போடலாம் என்று யாராவது சொன்னால், அது மறுபக்கத் தரவை முன்னதாகவே நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் முழு கேஷ் முறையில் பெரிய, சின்ன எழுத்தை வேறுபடுத்திப் பார்க்கும், கேஷ் இல்லாத முறையில் டேட்டாபேஸின் கொலேஷனைப் பின்பற்றும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

சேர்ப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கமும் ஒரே கீயில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். விவசாயிகள் பட்டியலில் ஒருவரே, கீ விதிகள் அழித்துவிடும் ஒரு சின்ன வித்தியாசத்தோடு இரண்டு முறை பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. கீ வந்ததும் அவை ஒன்றாகி, ஜாயினில் எடை இரட்டிப்பாகும். காணாமல் போவதைவிட இது கெட்டது. பணம் இரண்டு தடவை போய்விடும்.

ஆள் பெயர்களைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஒலியை வைத்துப் பெயருக்குக் குறியீடு தரும் சவுண்டெக்ஸ் போட்டால் போதுமா என்று. போதாது. அது நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பெயர்களுக்காக உண்டாக்கியது. முதல் எழுத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும். சின்னசாமியை ஆங்கிலத்தில் ஒருவர் சி-யில் தொடங்குவார், இன்னொருவர் எஸ்-இல் தொடங்குவார், சவுண்டெக்ஸுக்கு அவர்கள் ஒருநாளும் ஒன்றாக மாட்டார்கள். எழுத்து வித்தியாசத்தை எண்ணும் லெவன்ஷ்டைன் முறை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் தமிழில் எண்ணும்போது யூனிகோட் எண்களாக எண்ணாமல், உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எடுத்து எண்ணுங்கள். முனியப்பா, முனியப்பன் என்று கன்னட, தெலுங்குச் சாயலோடும் தமிழ்ச் சாயலோடும் ஒருவருக்கே இரண்டு பெயர் எழுதும் பகுதி இது. தலைப்பெழுத்து முன்னால் ஒரு பட்டியலில், பின்னால் ஒரு பட்டியலில். ர-வையும் ற-வையும், ன-வையும் ண-வையும் ஒன்றாக்கிப் பார்ப்பதும் தேடுவதற்கு நல்ல உபாயம்.

தேடுவதற்கு மட்டும்தான். இப்படிக் கிடைத்த ஜோடிகளைத் தானாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒரே ஊரில், ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு கோவிந்தன்கள் இருப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். சேராமல் விட்ட விவசாயி பணம் வரவில்லை என்று ஆலை வாசலுக்கு வருவார், விஷயம் வெளியே தெரியும். தப்பாகச் சேர்த்தால் ஒருவர் பெங்களூரா மாங்காய் போட்ட பணம் இன்னொருவர் கணக்கில் சத்தமில்லாமல் விழும், சீசன் முடிந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் அது செலவாகியிருக்கும். அதனால் கீ விதிகள் கறாராகவே இருக்கட்டும். சந்தேக ஜோடிகள் ஒரு தனி டேபிளுக்குப் போகட்டும், கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு அந்தக் கொள்முதல் இடத்து ஆள் ஒருவர் சரி என்று குறிக்கட்டும். யார், எந்தத் தேதியில் சரி என்றார் என்பதும் பதிவாகட்டும். ஒருமுறை சரி என்று குறித்த ஜோடியை அடுத்த சீசனிலும் அப்படியே பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். கீ திரும்ப வராத தரவில், இடது பக்க மொத்த வரிகள் என்பது சேர்ந்தவையும் இடதில் மட்டும் நின்றவையும் கூட்டினால் வர வேண்டும், வலது பக்கமும் அப்படியே. மொத்த எடையும் மூல எடைச்சீட்டுகளின் கூட்டோடு கிலோ சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். இந்தக் கணக்கு மட்டும் போதாது, ஏனென்றால் மேலே சொன்ன 104-7 மாதிரி வரிகள் இரண்டு பக்கமும் 'மட்டும்' என்ற பட்டியலில் போய் உட்கார்ந்து கணக்கைச் சரியாகவே காட்டும். ஆகவே இடதில் மட்டும் நின்ற கீகளை எடுத்து, வலதில் மட்டும் நின்ற கீகளுக்குள் நேரடியாகத் தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும் வரிசை விதி இன்னும் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம், பட்டுவாடாவை நிறுத்திவிட்டு அந்த ஒரு வரியின் எண்களைப் பைட் பைட்டாக விரித்துப் பாருங்கள்.